இங்க் அக்காவின் இரண்டு தேதிகள்

எங்கள் பள்ளி அலுவலகத்து இங்க் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாசமெல்லாம் அப்புறம்தான். பன்னிரண்டு வருடமாக அவரோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பார்த்து யாரும் இளிக்க வேண்டாம்.

நான் கணக்கு டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். அவர் குமாஸ்தா. சேர்க்கைப் படிவம், வருகைப் பட்டியல், பெற்றோருக்குக் கடிதம், எட்டு வகுப்புகளுக்கும் கேள்வித்தாள் என்று எல்லாமே அவர் கையிலிருந்துதான் வெளியே வரும். அவருடைய மேசைக்கு இடப்பக்கம், வெயில் படாத மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அவருக்கு இங்க் அக்கா என்று பெயர் வைத்தது அதனால்தான்.

மை தீர்ந்துவிட்டது என்று கணினித் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வரும், பார்த்திருப்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் வந்தால் உடனே புதுசு வாங்கப் போவோம். அக்காவுக்கு வந்தால் அன்றைக்கு அலுவலகத்தில் சண்டை.

"காலியாம்ல காலி! இதுக்கு என்ன தெரியும்? உள்ள எட்டிப் பாத்துச்சா? எத்தனை பக்கம் போச்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்துட்டு, குத்துமதிப்பா ஒரு பொய்ய எடுத்து விடுது. இது சொன்னா நான் நம்பணுமா?"

சொல்லிவிட்டு அந்தக் கறுப்புக் கார்ட்ரிஜை வெளியே எடுப்பார். அதன் முதுகில் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் 'பொய்' என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுவார். மறுபடி உள்ளே தள்ளி வேலையைத் தொடருவார். வாரங்கள் ஓடும். ஒரு நாள் எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடு விழும். அப்போதும் விடமாட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மை வரும் வாயை இரண்டு நிமிடம் அதன்மேல் வைத்து எடுப்பார். இன்னும் இருபது பக்கம் வரும். அதற்கும் பிறகு ஒன்றுமே வராத நாளில்தான் 'நிஜம்' என்று எழுதி இரண்டாவது தேதியைப் போடுவார். பொய்க்கும் நிஜத்துக்கும் நடுவே ஒரு தடவை ஏழு வாரம் இருந்தது. இரண்டு தேதிகளும் போட்ட காலிக் கார்ட்ரிஜ்கள் அவருடைய இரும்பு அலமாரியில் நான்கு ஷூ பெட்டிகள் நிறைய இருக்கின்றன. எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டேன் ஒரு நாள்.

"யாராவது ஒரு நாள் கேப்பாங்க டீச்சர். அப்போ காட்டறதுக்கு."

அவர் இந்தப் பள்ளிக்கு வந்த கதையும் இப்படித்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, பிரசவ விடுப்பில் போன ஒரு பெண்ணுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு என்று வந்தவர். மூன்று மாதம் முடிந்த அன்று, அப்போதிருந்த தலைமை ஆசிரியர், "சரிம்மா, உன் வேலை முடிஞ்சது. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றாராம். அக்கா மேசையைக் காட்டி, "முடியலையே சார், இன்னும் இவ்வளவு இருக்கே" என்றிருக்கிறார். மறுநாள் காலையில் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு மறுநாளும் வந்தார். விடுப்பில் போன பெண் இரண்டாவது குழந்தைக்கும் தயாராகிவிட, தலைமை ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு பதிவேட்டில் இவர் பெயரை எழுதினாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா கொஞ்சம்கூடச் சிரிக்கமாட்டார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்பது போல நம்மைப் பார்ப்பார்.

அவர் வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். குளியலறையில் பற்பசைக் குழாயைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, உள்ளே மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் எண்ணெய் பாட்டில் தலைகீழாக நின்றது. தேய்ந்த சோப்புத் துண்டு புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் சுவர்களுக்குச் சாயம் பூசும் பெயிண்டர். நல்ல மனிதர். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பும்போது குரலைத் தாழ்த்தி, "டீச்சர், என்னையே ஒரு நாள் தலைகீழா நிறுத்திடுவா. இன்னும் கொஞ்சம் வரும்னு" என்றார். உள்ளேயிருந்து, "காது கேக்குதுங்க!" என்று சத்தம் வந்தது. மனிதர் கப்சிப்.

கஞ்சத்தனம் என்று நான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கஞ்சத்தனம் எனக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு வந்தவங்களை நான் என்னைக்காவது சும்மா அனுப்பியிருக்கேனா? இருக்கிறதை இல்லைன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவ்வளவுதான்."

சரி, அவருக்குப் பற்றிக்கொண்டு வரட்டும். எங்கள் பாடு? கேள்வித்தாளைக் கொடுத்தால் முதலில் குண்டு எழுத்தையெல்லாம் மாற்றி ஒல்லி எழுத்தாக்கிவிடுவார். குண்டு எழுத்து மையைக் குடிக்கிறதாம். பள்ளிச் சின்னம் முழு நீலத்தில் இருந்தது, அதை வெறும் கோடாக்கிவிட்டார். "ஒரு தடவை அடிச்சுப் பாத்துடலாம் அக்கா" என்று யாராவது சொன்னால் போச்சு. திரையிலேயே மூன்று தடவை படித்துத் திருத்திவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும், அதுவும் டிராஃப்ட் முறையில், மெலிதாக. பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்கக் கூடாது, அதன் சொந்தப் பொத்தானில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் அது தன் வாயை ஒழுங்காக மூடிக்கொண்டு தூங்குமாம். அடிக்கடி அணைத்துப் போட்டாலும் திட்டு, ஒவ்வொரு தடவையும் அது வாய் கொப்பளிக்கிறேன் என்று மையைத் துப்பிவிடுமாம்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பாவம், காக்கா படம் கேட்டுப் போனாள்.

"முழுசா கறுப்பா இருக்கு இந்தக் காக்கா. கோடு போட்ட காக்கா போதாதா?"

"காக்கா கறுப்பாத்தானே அக்கா இருக்கும்?"

"இருக்கட்டும். பிள்ளைங்க கையில பென்சில் எதுக்கு இருக்கு? அவங்க தீட்டட்டும்."

அந்த வருடம் முப்பது பிள்ளைகளும் காக்காவுக்கு வண்ணம் தீட்டினார்கள். ஒருவன் பச்சை அடித்தான். அந்தப் பச்சைக் காக்கா இன்றும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கா மனமுவந்து மை செலவழிப்பார். திங்கட்கிழமை காலையில், மணி அடிப்பதற்கு முன், அந்த வாரம் பிறந்தநாள் வருகிற பிள்ளைகளின் பெயரை ஒரு கால் காகிதத்தில் நான்கு நிறத்திலும் அச்சடித்துக் கதவில் ஒட்டுவார். வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா நிறமும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. சும்மா கோடு போட்டுப் பார்ப்பதற்குப் பதில் ஒரு பிள்ளையின் பெயரைப் போடலாமே என்று யோசித்திருக்கிறார். திங்கட்கிழமை வந்தால் பிள்ளைகள் அந்தக் கதவில் போய் மொய்ப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்குத்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். பள்ளியின் சொந்தக்காரரை நாங்கள் பெரிய மேடம் என்போம். அவர் மகளைக் கட்டியவர் இந்தப் புது மேனேஜர். முகத்துக்கு நேராக சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லாரையும் "வாங்க, உக்காருங்க" என்பார், குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் ஒரு பொருள் பழசாகிவிட்டால் அதைத் தூக்கிப் போடும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. வந்த முதல் வாரமே பிறந்தநாள் பட்டியலை நிறுத்தச் சொன்னார். வீண் செலவாம்.

"மை மிச்சம் பண்றதுக்காகத்தான் சார் அதை அடிக்கிறேன்" என்றார் அக்கா.

"மையைச் செலவு பண்ணி மையை மிச்சம் பண்றீங்களா? நல்லா இருக்கே மேடம்!" என்று மாப்பிள்ளை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

இனி வருவதுதான் என் வெட்கம். ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்புக்கு அரையாண்டுக் கணக்குத் தேர்வு. தசமப் பாடத்திலிருந்து எட்டுக் கேள்விகள் கேட்டிருந்தேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றியது. ஒரு சட்டைக்கு 2.5 மீட்டர் துணி தேவை, 50 மீட்டரில் எத்தனை சட்டை தைக்கலாம் என்பது முதல் கேள்வி. இருபத்துமூன்று பேரும் இரண்டு சட்டை என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் விடைக்குக் கீழே, "இவ்வளவு பெரிய சட்டை யாருக்கு டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். 25 மீட்டர். புள்ளியைக் காணோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லை. ஒல்லி எழுத்தும் மெலிந்த அச்சும் சேர்ந்து எட்டுக் கேள்வியில் ஐந்தின் புள்ளியை விழுங்கியிருந்தன. திரையில் மூன்று தடவை படித்தபோது புள்ளி இருந்தது. காகிதத்தில் யார் பார்த்தார்கள்? ஒரு தாளை அடித்துப் பார்ப்பதுதான் இங்கே பெரிய குற்றமாயிற்றே!

அலுவலகத்துக்குப் போய் ஆடித் தீர்த்துவிட்டேன். "உங்க சிக்கனத்துல தீயை வைக்க! இருபத்துமூணு பிள்ளைங்க தேர்வைக் கெடுத்து வச்சிருக்கீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மாப்பிள்ளை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மெதுவாக வந்தார். ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் கொடுங்க டீச்சர். வாயால சொன்னா நிக்காது."

எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. கையெழுத்தும் போட்டேன். கோபத்தில் இருந்தேன் என்பதெல்லாம் ஒரு சாக்கா? சாக்கு இல்லை. எழுதியது இந்தக் கைதான்.

அக்கா கேள்வித்தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். நேராக ஏழாம் வகுப்புக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று, "கண்ணுங்களா, புள்ளி விழலை. தப்பு என்னுது. உங்க டீச்சர் சரியாத்தான் கொடுத்தாங்க" என்றார். மறுதேர்வுத் தாளை அன்று மாலையே அடித்துத் தந்தார். முழுக் கறுப்பில், குண்டு எழுத்தில். அதுவும் ஒரு தாளை முதலில் அடித்து, புள்ளி புள்ளியாக விரல் வைத்துப் பார்த்த பிறகு.

"கணக்குக்கு மட்டும் குடிச்சுட்டுப் போகட்டும் டீச்சர்" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். என்னால் அவ்வளவு சுலபமாக முடித்துக்கொள்ள முடியவில்லை. புகாரைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மாப்பிள்ளை அறைக்கதவைத் தட்டப் போய்த் திரும்பி வந்த நாட்களும் உண்டு.

நான் புகார் எழுதிக் கொடுத்த மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இந்த நிறுவனத்தில் டிராஃப்ட் முறையில், மங்கலாக அச்சிடப்பட்ட எந்தத் தாளும் இனிச் செல்லாது. எல்லாம் முழுக் கறுப்பில்தான் இருக்க வேண்டும். கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து, முத்திரை. அடுத்த வாரம் புது மிஷின் வந்து இறங்கியது. அது சந்தா மிஷின். மாதம் இத்தனை பக்கம் என்று ஒப்பந்தம். மையை அவர்களே அனுப்புவார்கள், பக்கத்தை மிஷின் எண்ணிக்கொண்டே இருக்கும்.

"இதுல நீங்க மை மிச்சம் பிடிக்கவே வேண்டாம் மேடம். ஒரு பக்கம்னா ஒரு பக்கம்தான்" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு புள்ளி வச்சாலும் ஒரு பக்கம், ஒரு பக்கம் பூரா காக்கா அடிச்சாலும் ஒரு பக்கமா?"

"ஆமாம்."

"அப்போ இது நம்ம மிஷின் இல்லையே சார். நம்ம வீட்டுல உக்காந்து நம்மையே எண்ணிக்கிட்டு இருக்கிற மிஷின்!"

பழைய பிரிண்டரை, பழைய சாமான்காரர் வரும்வரை, ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளோடு போட்டார்கள். டீச்சர்களுக்குக் கொண்டாட்டம். முழுக் கறுப்புக் காக்கா, முழு நீல வானம், முப்பது பக்கத்தில் உலகப் படம் என்று அடித்துத் தள்ளினார்கள். அக்கா புது மிஷின் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில், சாக்பீஸ் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். உள்ளே கிர்ர் கிர்ரென்று பழகிய சத்தம். அக்கா பழைய பிரிண்டர் முன்னால் குந்தியிருந்தார். பிறந்தநாள் பட்டியல், நான்கு நிறத்தில், பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"நிறுத்தச் சொன்னாரே அக்கா?"

"கதவுல ஒட்டத்தானே வேண்டாம்னார்? நான் கதவுல ஒட்டலையே" என்றார். பட்டியலை நாலாக மடித்து வகுப்பு டீச்சர்களிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டு வந்தார். எழுந்து போகும்போது பிரிண்டரின் மூடியை ஒரு தட்டு தட்டினார்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். பெரிய மேடம் ஊரிலிருந்து வந்துவிட்டாராம், மூன்று மணிக்குக் கூட்டமாம்.

"உங்க புகாரை வச்சுத்தான் டீச்சர் உத்தரவு போடறோம். அவங்களை இன்னையோட அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்க வந்து ஆமான்னு சொன்னா போதும்."

அனுப்புவதா? யாரை? நான் எழுதிய நான்கு வரியில் ஒரு மனுஷியின் பத்தொன்பது வருடம் போகப் போகிறதா? "இல்லை சார், அது..." என்று மென்று விழுங்கினேன். அவருக்குப் போன் வந்துவிட்டது. நான் அலுவலகத்துக்கு ஓடினேன், அக்காவிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்று. உள்ளே நுழைந்து மூச்சு வாங்குவதற்குள் மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"மேடம், புது மிஷின் அடிக்க மாட்டேங்குது. ஒரே ஒரு பக்கம்தான். ரொம்ப அர்ஜென்ட்."

அக்கா போய்ப் பார்த்தார். இந்த மாதப் பக்கங்கள் முடிந்தன, அடுத்த மாதம் தொடரும் என்று திரையில் இருந்தது. மூடியைத் திறந்தார். நான்கு கார்ட்ரிஜும் முக்கால்வாசி நிறைந்திருந்தன.

"மை கழுத்துவரைக்கும் இருக்கு சார். மிஷின்தான் வாயைப் பூட்டிக்கிச்சு."

"பழசு ஓடுமா?"

"ஏன் ஓடாது?"

அவரே போய்த் தூக்கிவந்தார். மேசையில் வைத்துத் தூசி தட்டி, வயரை மாட்டினார். மாப்பிள்ளை எழுதி வைத்திருந்ததைத் திரையில் திறந்தார். பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று தடவை படிப்பது அவர் வழக்கம் என்று சொன்னேன் அல்லவா? மாப்பிள்ளைக்கு அது மறந்துபோய்விட்டது. "படிக்கவெல்லாம் வேண்டாம் மேடம், அடிங்க" என்று அவர் சொல்வதற்குள் அக்கா முதல் வரிக்கு வந்துவிட்டார். அது அவருடைய வேலைநீக்க உத்தரவு.

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அக்கா நிதானமாக மூன்று தடவை படித்தார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"பதினாறு வருஷம்னு போட்டிருக்கீங்க சார். பத்தொன்பது. திருத்திடறேன்."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல மேடம்... அது வந்து... நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது..." என்று இழுத்தார்.

"நான் எதுக்கு சார் தப்பா எடுத்துக்கப் போறேன்? அச்சடிக்கறது என் வேலை. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான்தானே குமாஸ்தா?"

பதினாறைப் பத்தொன்பது ஆக்கினார். பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் கிர்ரென்றது. ஒரு பக்கம் ஏற்கெனவே உபயோகித்த காகிதம் ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. அதை உறையில் போட்டு இரண்டு கைகளாலும் மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். நான் அக்காவின் கையைப் பிடித்து, "அக்கா, நான்தான், நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றேன். எனக்குக் கண் முட்டிவிட்டது.

"தெரியும். என் கண்ணு முன்னாடிதானே எழுதிக் கொடுத்தீங்க? எழுதினது உண்மைதானே, புள்ளி விழலைதானே?" என்றார். "அந்தத் தப்புக்கு என்னைத் திட்டுங்க, சம்பளத்தைப் பிடிங்க, சரின்றேன். ஆனா நான் முடிஞ்சு போயிட்டேன்னு இவர் எப்படிச் சொல்லலாம்? எனக்கு இன்னும் வேலை இருக்கு டீச்சர். வேலை வரும் எனக்கு. எதிர்த்துத்தான் நிப்பேன்."

மூன்று மணிக்குப் பெரிய மேடம் அறையில் நான்கு பேர் இருந்தோம். பெரிய மேடம் உறையைப் பிரித்தார். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரமாகப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். டிராஃப்ட்! ஒல்லி எழுத்து, பனியில் எழுதியது போல மங்கல். பின்பக்கத்தில் போன வருட விளையாட்டு விழாப் பட்டியல் வேறு முன்பக்கத்துக்குத் தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை இது? ஒண்ணுமே புரியலையே. நூறு மீட்டர் ஓட்டம்னு தெரியுது, அதுக்கு மேல?"

"அது... மேடம், இதை மறுபடி நல்லா கறுப்பா அடிச்சுக் கொண்டாங்க" என்று மாப்பிள்ளை அக்காவிடம் திரும்பினார்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். சுற்றறிக்கை. "மங்கலா அடிச்ச தாள் இங்க செல்லாதுன்னு சார் கையெழுத்துப் போட்டிருக்காரு மேடம். அதனால அந்த உத்தரவு செல்லாது. கறுப்பா அடிக்கலாம்தான். ஆனா கறுப்பு மை காலின்னு பிரிண்டர் காட்டுது."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். காலியா? இந்த வாயிலிருந்தா? நான் பார்த்த பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட, மிஷின் சொல்லி இந்த மனுஷி அந்த வார்த்தையை ஒத்துக்கொண்டதில்லை. முந்தாநாள் ஸ்டோர் ரூமில் அவரே, இன்னும் அறுபது பக்கம் தாராளமாக வரும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"காலின்னா காலிதானே சார்? மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"புதுசு என்ன ஆச்சு?" என்றார் பெரிய மேடம்.

"பக்கம் முடிஞ்சுதாம் மேடம். மை இருக்கு. ஆனா அடிக்காது. அடுத்த மாசம் அடிக்குமாம்."

பெரிய மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மை இருந்தும் அடிக்காதா? அதுக்கா மாசாமாசம் பணம் கட்டறோம்?"

மாப்பிள்ளை கையைப் பிசைந்தார். "அத்தை, அதை அப்புறம் பேசலாம். இப்போ நான் கையாலயே எழுதித் தர்றேன். டீச்சர் புகார் இருக்கு, அது போதும். டீச்சர், சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலையும் இந்த மாப்பிள்ளை கையில்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தத் தடவை என்மேலேயே வந்தது, நல்லவேளை.

"எழுதினேன் மேடம். புள்ளி விழலைன்னு எழுதினேன். வேலையை விட்டு அனுப்புங்கன்னு எழுதலை. தப்பு நடந்த அன்னைக்கே இவங்க வகுப்புல போய் நின்னு பிள்ளைங்ககிட்ட ஒத்துக்கிட்டாங்க. அன்னைக்கு மாலையே மறுதேர்வுத் தாள் கொடுத்தாங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணிட்டு இருபத்துமூணு பிள்ளைங்க முன்னாடி அப்படிச் சொன்ன ஒரு ஆளை எனக்குக் காட்டுங்க. நான் சொன்னேனா? சார் சொல்லியிருக்காரா? என் புகாரைத் திருப்பிக் கொடுங்க. எனக்குப் புகார் கிடையாது."

கையை நீட்டினேன். பெரிய மேடம் கோப்பிலிருந்து அந்த நான்கு வரியை எடுத்து என் கையில் வைத்தார். நான் அதை அங்கேயே இரண்டாகக் கிழித்தேன்.

"சரி, போய் வேலையைப் பாருங்க ரெண்டு பேரும்" என்றார் பெரிய மேடம். "மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க. அந்த மிஷின்காரங்க ஒப்பந்தத்தை எடுங்க, படிப்போம்."

வராந்தாவில் இறங்கி அலுவலகத்துக்கு நடந்தோம். கடைசி மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. என் திங்கட்கிழமைச் சிறுதேர்வுத் தாளை அவரிடம் கொடுத்தேன், எட்டாம் வகுப்புக்கு, முப்பத்தொரு பிரதி. அவர் திரையில் மூன்று தடவை படித்தார். ஒரு தாளை முழுக் கறுப்பில் அடித்து, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு முப்பதையும் அடித்தார். கன்னங்கரேலென்று வந்தது.

"காலின்னு சொன்னீங்களே அக்கா?" என்றேன்.

அவர் பிரிண்டர் மூடியைத் திறந்து கறுப்புக் கார்ட்ரிஜை எடுத்தார். முதுகில் 'பொய்' என்றும் இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியும் ஏற்கெனவே இருந்தன. மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, அதற்குக் கீழே இன்னொரு தடவை 'பொய்' என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டார். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'நான்' என்று எழுதினார்.

மை காயும்வரை ஊதிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளி மூடியைச் சாத்தினார். "திங்கட்கிழமை யாருக்குப் பிறந்தநாள்னு பாருங்க டீச்சர், கதவுல ஒட்டணும்" என்றார்.